இலுப்பை மரத்தடியில் மூன்று கரடிகள்

முன்னொரு காலத்தில், கரடியும் மனுசரும் ஒரே மரத்தடியில் பூப் பொறுக்கித் தின்ற காலத்தில், மலைக்காட்டில் பெரிய இலுப்பை மரம் ஒன்று இருந்தது. இலுப்பைப் பூவை யாரும் பறிக்க வேண்டாம். விடிகிற நேரத்தில் அதுவே பொலபொலவென்று உதிரும். வாயில் போட்டால் வெல்லம் தோற்கும்.

அந்த மரத்தை ஒரு மந்திரவாதி வளைத்துப் போட்டுக்கொண்டான். மரம் வைத்தது இவன் அப்பனா? கேட்கத்தான் ஆளில்லை. சிலம்பாயியின் புருசன் மாடன் மட்டும் வழக்கம்போலக் கூடையோடு போனான். மந்திரவாதி அவனைக் கரடியாக்கிவிட்டான்.

சிலம்பாயி சும்மா இருப்பாளா? என் புருசனைக் கொடு என்று நேரே போய் நின்றாள். மந்திரவாதிக்கு ஒரே குஷி. காலையில் மூன்று கரடிகள் வரும், ஒன்றுதான் மாடன், தொடாமல், பேர் சொல்லாமல் அவனைக் காட்டினால் என் மந்திரமே என்னை விட்டுப் போகட்டும், தப்பாகக் காட்டினால் அவன் சாகும்வரை கரடிதான் என்றான்.

விடிந்தது. மூன்றும் வந்தன. மூன்றும் கறுப்பு, மூன்றுக்கும் சடைமுடி.

முதல் கரடி பூவை உறிஞ்சி உறிஞ்சித் தின்றது.

“இதுவா உன் புருசன்?” என்றான் மந்திரவாதி. அவள் அடுத்த கரடியைப் பார்த்தாள்.

இரண்டாவது ஓரமாக உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மனுசரைப்போல மண்ணை ஊதித் தின்றது.

“இதுவா உன் புருசன்?”

அவள் கை பாதி எழுந்துவிட்டது. அந்த ஆளுக்கு ஏது இவ்வளவு பக்குவம் என்று இறக்கிக்கொண்டாள்.

மூன்றாவது நட்ட நடுவில் போய், பூவையெல்லாம் மிதித்துக் கூழாக்கிக்கொண்டே தின்றது.

“இதுவா உன் புருசன்?”

பாவி மகளுக்குக் கேள்வி எங்கே காதில் விழுந்தது? பூ நாசமாகிறதே என்று வயிறு எரிந்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

“ஏ மனுசா, பூவை மிதிக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?”

முதல் கரடி தின்றுகொண்டிருந்தது. இரண்டாவதும் தின்றுகொண்டிருந்தது. மூன்றாவது சட்டென்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றது.

“இதுதான்” என்றாள் சிலம்பாயி.

சடைமுடி உதிர்ந்தது. மந்திரவாதியின் கோல் வெறும் விறகாயிற்று. அதைப் போட்டுவிட்டு அவன் எடுத்த ஓட்டத்தில் காட்டையே தாண்டிவிட்டான். மரம் பழையபடி எல்லாருக்கும் ஆனது.

மாடன் இன்னும் ஒற்றைக் காலில்தான் நின்றான். இனிமேல் மிதிக்கவே மாட்டேன் என்றான். சிலம்பாயிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“காலைக் கீழே வைய்யா. மிதிபட்டா மிதிபட்டுட்டுப் போகுது. நீ வீட்டுக்கு வா.”