ஞாயிறு வகுப்பில் தூங்கியவர்

"நான் படிப்புல இருந்து நின்னுக்கிறேன் மேடம்."

இசக்கியப்பன் கடிதத்தை மேசைமேல் வைத்தார்.

பேராசிரியர் மெஹருன்னிசா எடுத்துப் படித்தார். இரண்டே வரி. எம்.பி.ஏ. படிப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன். சொந்தக் காரணம்.

"சொந்தக் காரணம்னா?"

"தூக்கம்."

அவர் சிரிக்கவில்லை. பேராசிரியரும் சிரிக்கவில்லை.

இசக்கியப்பன் ஓசூரில் கியர் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் இன்சார்ஜ். வயது நாற்பத்து மூன்று. பேராசிரியரைவிட ஒன்பது வயது மூத்தவர். டிப்ளமோ முடித்து வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அவர் வேலை பழக்கிவிட்ட இரண்டு பேர் அவருக்கே மேனேஜராக வந்துவிட்டார்கள். பட்டம் இருந்தால் அடுத்தது நீங்கள்தான் என்று கம்பெனியில் சொன்னார்கள். அதை நம்பி, வேலை பார்ப்பவர்களுக்கான இந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்தார்.

சனிக்கிழமை அவருக்கு இரவு ஷிஃப்ட். காலை ஆறரைக்கு முடியும். ஒன்பது மணிக்கு வகுப்பு.

"எட்டு ஞாயிறு வந்தேன் மேடம். எட்டும் தூங்கினேன். ஒன்பதரைக்கு மேல இந்த ரூம்ல என்ன நடக்குதுன்னே எனக்குத் தெரியாது."

"நான் பார்த்திருக்கேன்."

"அப்ப ஏன் எழுப்பல?"

பேராசிரியர் கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அடுத்த ஞாயிறு வாங்க."

"வந்து?"

"சும்மா வாங்க சார்."

*

வந்தார்.

வழக்கம்போல மூன்றாவது வரிசைக்குப் போனவரைப் பேராசிரியர் தடுத்தார்.

"அங்க இல்ல. இங்க."

மேடையில், வகுப்பைப் பார்த்துப் போட்டிருந்த தன் நாற்காலியைக் காட்டினார்.

"அது உங்க நாற்காலி மேடம்."

"நான் எங்க உட்கார்றேன்? நின்னுட்டேதானே இருக்கேன்."

இசக்கியப்பன் தயங்கித் தயங்கிப் போய் உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டார். எதிரே நாற்பத்திரண்டு பேர்.

பேராசிரியர் நடந்து போய்க் கடைசி வரிசைக்கும் பின்னால், சுவரோரமாக நின்றார்.

"இன்னைக்கு போர்டு கிடையாது. நான் சொல்றதக் கேட்டு எழுதிக்கோங்க. சார், நீங்க எழுத வேண்டாம்."

"நான் என்ன பண்ணணும்?"

"உட்கார்ந்திருந்தா போதும்."

முதல் ஒன்றரை மணி நேரம் அவர் தன் ஷூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை பேர் முன்னால் உட்கார்ந்திருக்கிற கூச்சத்தில் தூக்கம் வரவில்லை. கடைசி வரிசைக்குப் பின்னாலிருந்து பாடம் கேட்டது. ஓர் உற்பத்தி வரிசையில் எந்த இயந்திரம் மெதுவாக ஓடுகிறதோ, அதன் வேகம்தான் மொத்த வரிசைக்கும் வேகம். இருபத்திரண்டு வருடமாக அவருக்குத் தெரிந்த விஷயம். அதற்கு இப்படி ஒரு பாடம் இருப்பதுதான் தெரியாது.

பத்தே முக்காலுக்கு நிமிர்ந்து பார்த்தார்.

முதல் வரிசையில் ஒருவர் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நகத்தால் அழுத்திக் கிள்ளிக்கொண்டிருந்தார். அந்த இடம் சிவந்து கன்றியிருந்தது. பக்கத்தில் ஒரு பெண் கண்ணுக்குக் கீழே தைலம் தடவியிருந்தார். கண்ணீர் வழிந்தது. துடைக்காமல் எழுதினார்.

ஒருவர் முகம் கழுவிவிட்டு வந்திருந்தார். தண்ணீர் சட்டைக் காலரில் சொட்டியது.

நிறைமாத கர்ப்பிணி ஒருவர் வீங்கின கால்களைப் பைமேல் தூக்கி வைத்திருந்தார். நோட்டு வயிற்றின்மேல் இருந்தது.

எல்லாக் கண்களும் சிவந்திருந்தன.

பேராசிரியர் பின்னால் நின்றதால் அவருக்கு இன்று இந்த முகங்கள் தெரியவில்லை. பார்க்கிறவர் இசக்கியப்பன் ஒருவர்தான். தான் மட்டும்தான் தூங்குகிறோம் என்று எட்டு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தவர்.

பதினோரு மணிக்கு ஒரு தலை சாய்ந்தது. போலீஸ் ஸ்டேஷனில் எழுத்தராக இருக்கும் துரைக்கண்ணு.

பக்கத்தில் ஜெசிந்தா. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடது கையை நீட்டித் துரைக்கண்ணுவின் நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். தன் நோட்டில் ஒரு வரி எழுதினார். அதே வரியை அவர் நோட்டில் எழுதினார். அடுத்த வரி. திரும்பவும் இரண்டு தடவை.

கால் மணி நேரம் போனது.

ஜெசிந்தாவின் பேனா மெதுவானது. கோணலானது. நின்றது. அவர் தலையும் சாய்ந்தது.

பின்வரிசையிலிருந்து ஒரு கை வந்தது. கண்ணாடி வளையல் போட்ட கை. ஜெசிந்தாவின் தோளுக்கு மேலாக நீண்டு, இரண்டு நோட்டுகளையும் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போனது.

இசக்கியப்பன் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

வளையல் போட்ட பெண் இப்போது மூன்று நோட்டுகளில் எழுதிக்கொண்டிருந்தார். யாரும் சொல்லவில்லை. யாரும் நன்றி சொல்லவும் இல்லை. அங்கே ஒரு தலை நிமிர, இங்கே ஒரு தலை சாய்ந்தது. நோட்டுகள் போயின, வந்தன. பாடம் ஓர் இடத்திலும் நிற்கவில்லை.

அவருக்கு ஏதோ தோன்றியது. மடியிலிருந்த பையைத் திறந்து தன் நோட்டை எடுத்தார்.

ஒவ்வொரு வாரமும் விழிக்கும்போது நோட்டு மூடியிருக்கும். பேனா மேலே இருக்கும். வெட்கத்தில் அப்படியே பைக்குள் போட்டுவிடுவார். மறுவாரம் நடுவில் எங்காவது ஒரு வெற்றுப் பக்கத்தைப் பிரித்து எழுதத் தொடங்குவார். விட்டுப்போனதைப் பார்க்கிற தைரியம் அவருக்கு இருந்ததில்லை.

இப்போது முதல் பக்கத்தைத் திருப்பினார்.

மேலே ஆறு வரி அவர் கையெழுத்து. ஆறாவது வரி கீழே வழுக்கி ஓடி நின்றிருந்தது. அதற்கடியில் உருண்டை உருண்டையாக வேறொரு கையெழுத்து. பக்கம் முழுக்க. அடுத்த பக்கமும்.

அடுத்த வாரம் பச்சை மையில். அதற்கடுத்த வாரம் இடதுபக்கம் சாய்ந்த எழுத்தில், ஸ்கேல் வைத்துப் போட்ட கட்டங்களோடு. ஓர் இடத்தில் இரட்டைக் கோடு இழுத்து, 'இது பரீட்சைக்கு வரும்' என்றிருந்தது.

ஆறாவது வாரத்தில், ஓரத்தில் பொடி எழுத்தில்:

'இங்கே மேடம் ஒரு ஜோக் சொன்னாங்க. எல்லாரும் சிரிச்சோம்.'

எட்டு வாரமும் இருந்தது. ஒரு வரி விட்டுப்போகவில்லை.

*

சாப்பாட்டு இடைவேளையில் ஜெசிந்தாவிடம் நோட்டைக் காட்டினார்.

"இது உங்க எழுத்தா?"

"அந்த உருண்டை எழுத்து என்னுது. மத்ததெல்லாம் யாருன்னு தெரியல சார். அன்னைக்கு யாரு பக்கத்துல உட்கார்றாங்களோ, அவங்க."

"நான் இதுவரைக்கும் ஒருத்தருக்கும் எழுதலியேம்மா."

"நீங்கதான் தூங்கிட்டு இருந்தீங்களே."

சொல்லிவிட்டு அவர் டிபன் பாக்ஸைத் திறந்தார்.

இசக்கியப்பன் பேராசிரியரைத் தேடிப் போனார். வராந்தாவில் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"மேடம், இதெல்லாம் நீங்க பழக்கிவிட்டதா?"

"நானா?" அவர் ஈரக் கையை உதறினார். "நான் பாடம் மட்டும்தான் சார் நடத்துறேன்."

*

மதியம் இசக்கியப்பன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்.

பக்கத்தில் ஒரு பஸ் டிப்போக்காரர். காக்கிச் சட்டையோடு வந்திருந்தார். எட்டு வாரமும் அவர் அந்த வரிசையில்தான் இருந்தாராம். இசக்கியப்பன் இன்றுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்க்கிறார்.

இரண்டேகாலுக்கு அந்தத் தலை சாய்ந்தது.

இசக்கியப்பன் நோட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்தார். அட்டையில் பெயர் இருந்தது. படித்துக்கொண்டார். தன் நோட்டில் ஒரு வரி. இந்த நோட்டில் ஒரு வரி. கை பழகவில்லை. அதற்குள் பேராசிரியர் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

இசக்கியப்பன் கையைத் தூக்கினார். ஒன்பது ஞாயிறில் முதல் தடவை.

"மேடம், கடைசியா சொன்னத இன்னொரு தடவை சொல்லுங்க."

"ஏன் சார், புரியலையா?"

"எனக்குப் புரிஞ்சுது மேடம்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இவருக்கு விட்டுப்போச்சு."