எழுபது கிலோவும் ஓர் இயர்போனும்

"மாஸ்டர், இந்த இரைச்சல்ல மனசு எப்படி நிக்கும்?" என்று சலித்துக்கொண்டார் இன்பசேகரன்.

அவர் காலடியில் எழுபது கிலோ பளுக்கம்பி கிடந்தது. தரையை விட்டு ஒரு சாண் எழும்பியதும் அதைப் பொத்தென்று போட்டிருந்தார். ஒரு மாதமாக இதே கதைதான்.

"வீட்ல அப்பாவுக்குக் காது மந்தம். விடிஞ்சதுமே டிவி அலறும். இங்க வந்தா ஸ்பீக்கர். மனுஷன் எங்கதான் போறது?"

ஜிம்மை நடத்தும் மங்கை மாஸ்டர் அவரைவிடப் பத்து வயது இளையவர். பளுதூக்குதலில் மாநில அளவில் பதக்கம் வாங்கியவர். பொறுமைக்கு மட்டும் பதக்கம் வாங்கியதில்லை.

இன்பசேகரன் தொப்பையைக் குறைக்க வந்தவரல்ல. அவருடைய அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார். நல்ல கனம், இந்த எழுபது கிலோ இருப்பார். தினமும் காலையில் அவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற, அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்துதான் தூக்குவார்கள். தம்பி குணாளனுக்கு ஓசூருக்கு மாற்றல் வந்துவிட்டது. அவன் போய்விட்டால் இவர் ஒற்றை ஆள். கை நழுவி அப்பா கீழே விழுந்துவிடக் கூடாதே என்றுதான் ஜிம்மில் சேர்ந்தார்.

ஆனாலும் கம்பி முன்னால் போய் நின்றால் மனசு ஊர் சுற்றப் போய்விடும். இயர்போனை மாட்டிக்கொண்டு, தெம்பு தரும் பாட்டாகத் தேடுவார். பாட்டு கிடைப்பதற்குள் உடம்பு ஆறிவிடும்.

மாஸ்டர் போய் ஸ்பீக்கரை அணைத்தார்.

"ஃபேன் கடகடன்னுது மாஸ்டர்."

ஃபேனையும் அணைத்தார். எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டியது.

மற்றவர்கள் எடைத் தட்டுகளைத் தடால் தடால் என்று போடுவதாக அடுத்த புகார். மாஸ்டர் எல்லோரையும் டீ குடித்துவிட்டு வரச் சொல்லி வெளியே அனுப்பினார். முணுமுணுத்துக்கொண்டே போனார்கள்.

ஈ பறந்தால் கேட்கும். இன்பசேகரன் குனிந்தார். கம்பியைப் பிடித்தார். விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"இப்ப என்னங்க?"

"ரொம்ப அமைதியா இருக்கு மாஸ்டர். என்னென்னமோ நினைப்பு வருது."

மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"இனிமே அணைக்கிறதுக்கு இங்க ஒண்ணும் இல்லீங்க. வீட்டுக்குப் போங்க."

வழி கேட்டால் வாசலைக் காட்டுகிறாளே என்று இன்பசேகரனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விடுவிடுவென்று வெளியேறினார். இயர்போனை எடுக்கக்கூட மறந்துவிட்டார்.

புது ஆபீசில் அவசரம் என்று தம்பி அந்த வாரமே கிளம்பிவிட்டான். இன்பசேகரன் அதற்குப் பிறகு ஜிம் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

ஒரு நாள் காலை. அப்பாவைக் கட்டிலின் ஓரத்தில் உட்கார வைத்தார். கால்களை அகட்டி ஊன்றினார். முட்டியை மடக்கி, முதுகை வளைக்காமல், அப்பாவின் அக்குளுக்கடியில் கையைக் கொடுத்து மார்போடு சேர்த்துப் பிடித்தார். அப்பாவின் மூச்சு அவர் கழுத்தில் பட்டது.

அப்பாவின் இடது கால் எங்கே இருக்கிறது, நாற்காலியின் பிரேக் விழுந்திருக்கிறதா, தன் குதிகால் சரியாக ஊன்றியிருக்கிறதா. அந்த நேரத்தில் அவருக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

எழுந்தார். திரும்பினார். பூப்போல உட்கார வைத்தார்.

"வேட்டியச் சரி பண்ணுடா," என்றார் அப்பா.

சரி பண்ணிவிட்டுத் திரும்பினால் வாசலில் மங்கை மாஸ்டர் நிற்கிறார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. இன்பசேகரனுக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

"வரணும்னுதான் இருந்தேன் மாஸ்டர். இந்தப் பாழாப்போன மனசு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது..."

மாஸ்டர் பையிலிருந்து இயர்போனை எடுத்து நீட்டினார்.

"இத விட்டுட்டு வந்துட்டீங்க. இது இல்லாம இப்ப எப்படித் தூக்கினீங்க?"

இன்பசேகரன் பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

விடிந்ததிலிருந்து அலறிக்கொண்டிருந்த டிவி அப்போதுதான் அவர் காதில் விழுந்தது.