மூணாங்கல்லுல சொன்ன பதில்

ஒரு மலையடிவாரத்துல ஒரு வீடு. அந்த வீட்டுல ஒரு ஜன்னல். அந்த ஜன்னலோரம் ஒரு பொண்ணு. கேக்குறியா? ம் கொட்டு. கொட்டாட்டி கதை நகராது, நான் பிடிவாதக்காரின்னு உனக்குத் தெரியும்ல.

ஆங், சரி.

அந்தப் பொண்ணு பேரு குயிலி. பேருதான் குயிலி, பேச்சு வராது. காலும் நடக்காது, கையும் சொன்னபடி கேக்காது. பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான். அவகிட்ட இருந்தது ஒரே ஒரு சத்தம். குட்டையா "ம்"ன்னா சரி. நீட்டி "ம்ம்ம்ம்"ன்னா வேணாம். அவ்ளோதான் அவ பாஷை. சோறு போதுமா, ஜன்னல சாத்தவா, எல்லாத்துக்கும் அதுலயே பதில் சொல்லிருவா.

அந்தப் பாஷை நல்லாத் தெரிஞ்சவ அவ தங்கச்சி செந்தா. ஒம்பது வயசு. அப்பா மாசிலாமணி மண்டில மூட்டை தூக்குறவரு, அம்மா தெய்வானை தோட்டத்து வேலைக்குப் போறவ. பொழுது விடிஞ்சா ரெண்டு பேரும் கெளம்பிருவாங்க. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அக்காவப் பாத்துக்குறது செந்தாதான். பள்ளிக்கூடத்துல எல்லாரையும் அணைக்கட்டுக்கு வண்டி வெச்சுக் கூட்டிட்டுப் போனாங்க, செந்தா போகல. அத்தை ஊரு திருவிழாவுக்கு எல்லாரும் போனாங்க, செந்தா போகல. அக்காவ யாரு பாக்குறது? வெளிய சிரிச்சுக்குவா, உள்ளுக்குள்ள பொருமுவா. பொருமத்தானே செய்யும்? ஒம்பது வயசுதானே.

அப்போ ஒரு நாள் அப்பா சொன்னாரு, "குயிலுக்குப் பன்னெண்டு வயசாயிருச்சு. அடுத்த வருஷம் என் முதுகு தாங்காது. பொழுதன்னிக்கும் அந்த மலையத்தான் பாத்துட்டுக் கெடக்கா புள்ள. இந்த வருஷமே உச்சிக்குக் கூட்டிட்டுப் போயிரணும்."

செந்தாவுக்கு நெஞ்சு குதிச்சுது. உச்சில நின்னா அந்தப்பக்கம் ரயில் போறது தெரியும்னு ஊரே சொல்லும். அவ ரயிலப் பாத்ததே இல்ல.

ம் எங்க? ஆங்.

அந்த மலைக்கு ஒரு வழக்கம் உண்டு. போற வழில மூணு கல்லு நட்டிருக்கும், ஆளு உசரத்துக்கு. கேக்குற கல்லுன்னு பேரு. ஒவ்வொரு கல்லுகிட்டயும் கூட்டத்துல பெரியவரு நின்னு, "ஏறலாமா?"ன்னு கேக்கணும். வந்தவங்க எல்லாரும் அவங்கவங்க வாயால பதில் சொல்லணும். ஒருத்தர் வேணாம்னாலும் மொத்தக் கூட்டமும் எறங்கிரணும். ஒருத்தர் பதில இன்னொருத்தர் சொல்லக் கூடாது. சும்மா இல்ல, மேல போனப்புறம் முடியலைன்னு அழுது புண்ணியம் இல்ல பாரு.

அப்புறம் அம்மாவோட பழைய சேலைல குயிலிய முதுகோட சேத்துக் கட்டிக்கிட்டு அப்பா கெளம்பினாரு. விடியக்காலைல. சரக் சரக்குனு சருகு. கீச் கீச்சுனு குருவி. மொதக் கல்லு வந்துது.

"ஏறலாமா?"

"ஏறலாம்"னா அம்மா. "ஏறலாம்ப்பா!"ன்னு கத்துனா செந்தா. குயிலி தலைய ஆட்டிக்கிட்டே, "ம்!" சின்ன மணி அடிச்ச மாதிரி அவ்ளோ சந்தோசம். அப்பாவுக்குக் கண்ணு நெறஞ்சுது.

அப்புறம் ஓடை. சளக் சளக்குனு தண்ணி. அப்பா கால ஊனி ஊனித் தாண்டுனாரு. மூச்சு புஸ்ஸு புஸ்ஸுன்னுது. ரெண்டாங்கல்லு.

"ஏறலாமா?"

எல்லாரும் சொன்னாங்க. குயிலியும் "ம்"னா. ஆனா கொஞ்சம் மெதுவா. உதடு வறண்டிருந்துது. செந்தா கவனிச்சா. கவனிச்சுட்டு, தண்ணி குடுத்துட்டு, பேசாம இருந்தா.

அப்புறம் செங்குத்து ஏத்தம். மேகம் எறங்கிருச்சு. காத்து ஹோன்னு அடிக்குது. அம்மா சோத்துப் பையோட பின்தங்கிட்டா. அப்பாவும் செந்தாவும் மூணாங்கல்லுகிட்ட நின்னாங்க.

"ஏறலாமா, குயிலு?"

"ம்ம்ம்ம்."

நீளமா. தலைய அப்பா தோள்ல புதைச்சுக்கிட்டு, திரும்பவும், "ம்ம்ம்ம்."

காத்துல அப்பாவுக்குச் சரியாப் புரியல. "செந்தா, அவ பாஷை உனக்குத்தானே நல்லாத் தெரியும். என்னம்மா சொல்றா?"

உச்சி கண்ணுக்கு முன்னாடி நிக்குது. இன்னும் கொஞ்ச தூரம். ஆசை வெக்கம் அறியாதுன்னு சொல்லுவாங்கல்ல, பாவமும் அறியாது. செந்தா சொன்னா, "போலாங்குறாப்பா."

அம்மா மூச்சு வாங்க வந்து சேந்தா. "குயிலு சொல்லிட்டாளா?"

"சொல்லிட்டாம்மா."

ரெண்டாவது பொய் மொதப் பொய்ய விட லேசா வந்துருச்சு.

ம்? முழிச்சுத்தான் இருக்கியா? சரி.

உச்சிக்குப் போயிட்டாங்க. என்ன பாத்தாங்கன்னு நெனைக்கிற? ஒண்ணும் இல்ல. வெள்ளையா மேகம். ரயிலும் இல்ல, தண்டவாளமும் இல்ல. அப்போ மழை புடிச்சுக்கிச்சு. சடசடசடன்னு. ஒதுங்க ஒரு மரம் கூட இல்ல. அம்மா தன் முந்தானைய எடுத்துக் குயிலி மேல போட்டா, அது அவளுக்கு முன்னாடி நனைஞ்சுது. எறங்குற வழியெல்லாம் குயிலி பல்லு கடகடன்னுது. ரெண்டாங்கல்லு வர்றதுக்குள்ள ஒடம்பு வெட்டி வெட்டி இழுத்துச்சு. அப்பா மூட்டை தூக்குன காலோட, விழுந்து எந்திரிச்சு, ஓடுனாரு. செந்தா பின்னாடியே அழுதுகிட்டு ஓடுனா. "அக்கா, அக்கா"ன்னு.

குயிலி சாகல. பயப்படாத. பதினோரு நாள் ஆஸ்பத்திரில கெடந்து, பொழச்சு வீட்டுக்கு வந்தா. பழையபடி ஜன்னலோரம் படுக்க வெச்சாங்க. செந்தா பக்கத்துல உக்காந்து, "பால் வேணுமாக்கா?"ன்னு கேட்டா.

பதில் இல்ல.

வாயத் தொறக்குறா. தொண்டை அசையுது. சத்தம் வரல. குட்டையும் வரல, நீட்டமும் வரல. காய்ச்சலும் இழுப்பும் அந்த ஒத்தச் சத்தத்தக் கொண்டு போயிருச்சு.

அதுக்கப்புறம் குயிலிக்கு எல்லாத்தையும் மத்தவங்கதான் முடிவு பண்ணாங்க. பசிக்குமோன்னு ஊட்டுவாங்க, குளிருமோன்னு போத்துவாங்க. சரியா தப்பான்னு சொல்ல அவகிட்ட ஒண்ணும் இல்ல.

ஒரு நாள் செந்தா எல்லாத்தையும் சொல்லிட்டா. அப்பா எந்திரிச்சுப் போயி அந்தச் சேலைய மடிச்சுப் பரண்ல வெச்சுட்டாரு. அம்மாதான், "நாங்களும் அவ மொகத்தப் பாத்துருக்கணும்டி"ன்னு சொல்லிட்டு அழுதா. அப்புறம் செந்தா அக்கா காதுகிட்ட குனிஞ்சு, "என் மேல கோவமாக்கா?"ன்னு கேட்டா. குயிலி அவளையே பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம்னு செந்தாவுக்குத் தெரியல. ஊர்லயே அந்தப் பாஷை தெரிஞ்சவ அவ. அவளுக்கே தெரியல. தெரிஞ்ச மாதிரி ஒரு பதில அவளாச் சொல்லிக்கவும் இல்ல. அது மட்டும் இனிமே செய்ய மாட்டேன்னு இருந்துட்டா.

செந்தா வளந்தா, கல்யாணம் ஆச்சு, தலை நரைச்சுது. இன்னிக்கும் எந்தக் குழந்தைக்குக் கதை சொன்னாலும், அது ம் கொட்டாம ஒரு வார்த்தை மேல போக மாட்டா, பைத்தியக்காரி.

ம் சொல்லு.

சொல்லு கண்ணு.

தூங்கிட்டியா? சரி, சரி. உனக்குப் பதிலா நான் ம் சொல்ல மாட்டேன். கதை இங்கயே நின்னுருச்சு. நீ தூங்கு.