பெயர் எழுதாத பீப்பாய்

வைன் சுவைக்கக் கற்றுக்கொள்ள சூசைநாதன் பிரான்சுக்குப் போனபோது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. புதுச்சேரி ஓட்டல் ஒன்றில் முப்பது வருடம் மீன் சமைத்தவர். கற்றுக்கொடுத்த பெர்னதெத்துக்கு நாற்பதுதான், அவளும் புதுச்சேரிக்காரி. அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

வகுப்பில் அவரை மிஞ்ச ஆளில்லை. வைன் சுவைப்பவர்கள் வழக்கப்படி, விழுங்காமல் ஒரு வாய் வைத்துத் துப்பினால் போதும், குறையைப் பிடித்துவிடுவார். ஆனாலும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது.

"டீச்சர், குறை சொல்ல வந்துடுச்சு. ரசிக்கத்தான் வரல. அதை எப்படிக் கத்துக்கறது?"

மறுநாள் காலை பெர்னதெத், லுவார் ஆற்றங்கரையில் ஒரு குடும்பத்தின் திராட்சைத் தோட்டத்துக்கு அவரை அழைத்துப் போனாள்.

தோட்டத்தின் சொந்தக்காரி ஒதில், பாறையைக் குடைந்த நிலவறையில் காத்திருந்தாள். பீப்பாய்களில் எல்லாம் அவள் குடும்பப் பெயர் சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தது. கடைசிப் பீப்பாயில் மட்டும் இல்லை. அப்பா இறந்தபின் அவள் தனியாகச் செய்த முதல் வெள்ளை வைன் அது.

"இதுக்கு எங்க பேரைப் போடலாமா?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

பெர்னதெத் கோப்பையை சூசைநாதனிடம் நீட்டினாள். "நீங்க சொல்லுங்க அண்ணே."

அவர் முகர்ந்தார். ஒரு வாய் வைத்துத் துப்பினார்.

"புளிப்பு தூக்கல். ரொம்ப மெலிசு. பழுக்கறதுக்கு முன்னாடியே பறிச்சிருக்கீங்க" என்றார், அவரும் பிரெஞ்சிலேயே.

"ஆமாம்" என்றாள் ஒதில். சுண்ணக்கட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

சூசைநாதனுக்கு என்னவோ போலாகிவிட்டது. "தப்பா சொல்லிட்டேனா?"

"சரியாத்தான் சொன்னீங்க. போன வருஷம் விடாம மழை. ஊரெல்லாம் பூஞ்சை. பக்கத்துத் தோட்டங்கள்ல ரசாயன மருந்தடிச்சுக் காப்பாத்திட்டாங்க. இவ அடிக்கல."

"ஏன்?"

"அவ அப்பா இருபது வருஷம் மருந்தடிச்சவர். கடைசியில கரண்டி பிடிக்க முடியாம கை நடுங்கிச்சு. அதோட மருந்தை விட்டாங்க. இவ மூலிகைக் கஷாயம் காய்ச்சி அடிச்சா. பாதிக் கொடி போயிடுச்சு. மிச்சம் அழுகறதுக்குள்ள பறிச்சதுதான் இது."

"முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா டீச்சர்? நல்லா இருக்குன்னு சொல்லியிருப்பேனே!"

"அதனாலதான் சொல்லல."

சூசைநாதன் கோப்பையோடு வெளியே வந்தார். வரிசை வரிசையாகக் கொடிகள் கருகி நின்றன. ஒதில் மண்டியிட்டு ஒரு புதுக் கன்றுக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து குச்சியைப் பிடித்துக்கொண்டார். கட்டி முடித்ததும், கோப்பையில் மிச்சம் இருந்ததை மெல்ல, மிடறு மிடறாகக் குடித்தார். இந்தத் தடவை துப்பவில்லை.

"புளிக்கலையா?" என்றாள் ஒதில்.

"புளிக்குது. முப்பது வருஷமா வறுத்த மீன் மேல எலுமிச்சை பிழியறேன். எலுமிச்சை புளிக்குதுன்னு ஒருத்தரும் தட்டைத் திருப்பி அனுப்பினதில்ல." வெறும் கோப்பையை ஒருமுறை முகர்ந்தார். "இது என் வஞ்சிரத்துக்கு வேணும். பேரைப் போடுங்கம்மா."

ஒதில் எழுந்து நிலவறைக்குள் போனாள். சுண்ணக்கட்டி பீப்பாயில் உரசும் சத்தம் வெளியே கேட்டது.

திரும்பும் வழியில் காரில் சூசைநாதன் கேட்டார்:

"டீச்சர், முதல்ல அப்படிச் சொல்லாம இருந்திருந்தா, அந்தம்மா மனசு நொந்திருக்காதே?"

பெர்னதெத் சாலையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"நொந்திருக்காது. ரெண்டாவது சொன்னதை நம்பியிருக்கவும் மாட்டா, அண்ணே."