மாடத்தி அவிழ்த்துவிட்ட குதிரை

முன்ன ஒரு காலத்துல, கடலுக்கும் செம்மணல் மேடான தேரிக்கும் நடுவுல ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊர்ல மாடத்தின்னு ஒருத்தி இருந்தாளாம். உப்பு விக்கிறவ. புருசன் இல்ல, பிள்ளை இல்ல, தலையில உப்புக் கூடை, வாயில "உப்போ உப்பு", அவ்வளவுதான் அவ சொத்து.

ஒருநாள் தேரிக்குள்ள போறா, போறா, போய்க்கிட்டே இருக்கா, ஒரு உடைமரத்தடியில என்னமோ வெள்ளையாக் கிடக்கு. கிட்டப் போய்ப் பாத்தா குதிரை! எலும்பும் தோலுமா, முதுகெல்லாம் சவுக்கடி, ஒரு காலு நொண்டி, கழுத்துல மட்டும் பட்டுநூல் திரிச்ச அரண்மனைக் கயிறு. அது யாரு குதிரை தெரியுமா? ராசா குதிரை. அங்க லாயம் பாக்கிறவன் கொம்பையான்னு ஒருத்தன். குதிரைக்கு வர்ற கொள்ளுப்பயறை அவன் திம்பான், குதிரைக்குச் சவுக்கைக் குடுப்பான். காலு நொண்டினதும், செத்துப்போச்சுன்னு ராசாகிட்டச் சொல்லிட்டு, தேரியில அடிச்சு விரட்டிட்டான் படுபாவி.

மாடத்தி என்ன செஞ்சா? கூடை உப்பையும் கீழ கொட்டிட்டு, அந்தக் கூடை நிறையப் புல்லு அறுத்துட்டு வந்தா. "எந்திரிடா என் மேகமே, எந்திரி"ன்னா. அதுவும் மெல்ல எந்திரிச்சு அவ பின்னாலயே வந்துருச்சு. அன்னையிலருந்து அதுக்குப் பேரு மேகம். அவ போற ஊருக்கெல்லாம் அதுவும் போகும். கூடையை அது மேல வச்சாளான்னு கேக்கிறீங்களா? ஒருநாளும் வைக்கல. "பிறகு எதுக்குடி உனக்குக் குதிரை?"ன்னு ஊர்ல கேப்பாங்க. "பேசிக்கிட்டே நடக்க"ம்பா.

இப்படியே வருசம் போச்சு, போச்சு, போயே போச்சு. மேகத்துக்குப் பல்லு கொட்டிருச்சு, கண்ணு மங்கிருச்சு. கொள்ளை வேக வச்சு, மசிச்சு, உருண்டை பிடிச்சு ஊட்டுவா. ஒருநாள் படுத்துச்சு, எந்திரிக்கல, மூச்சு மட்டும் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

மறுநாள் விடியுறப்போ கடல்லருந்து பனி கிளம்பி ஊருக்குள்ள வந்துச்சு. பனிக்குள்ளருந்து ஒரு ஆளு வந்தாரு. வெள்ளை வேட்டி, வெள்ளைத் தலைப்பா, கையில புதுக் கயிறு. மணல்ல நடந்து வர்றாரு, கால் தடமே விழல.

"தாயி, குதிரையைக் குடு"ன்னாரு.

வந்தது யாருன்னு மாடத்திக்குப் புரிஞ்சுபோச்சு. உங்களுக்கும் புரிஞ்சுதா? ம், எமதருமராசாதான்.

"குடுக்க மாட்டேன்"னா.

"மனுசன்னா நான் கேக்கிறதில்ல, கொண்டுபோயிருவேன். வாயில்லாச் சீவனை மட்டும் வளத்தவங்களாக் கயித்தை அவுத்து விடணும்"னுட்டு அவரு போயிட்டாரு. மறுநாளும் வந்தாரு. "குடுக்க மாட்டேன், போங்க"ன்னா. போயிட்டாரு.

அன்னைக்கு மேகத்தோட கழுத்துல தலையை வச்சபடி அவ கண்ணசந்துட்டா. சொப்பனத்துல மேகம் பேசுச்சு. "ஆத்தா, நாலு காலும் நோவுது. நீ பிடிச்சுக்கிட்டு இருக்கியேன்னுதான் கிடக்கேன்."

மாடத்திக்கு நெஞ்சே அறுந்துபோச்சு. முழிச்சுப் பாத்தா, மூணாம் நாளும் பனிக்குள்ள அவரு வந்து நிக்காரு.

மாடு விக்கிறவங்க கயித்தைக் குடுக்க மாட்டாங்கல்ல? வாங்குறவன்தான் புதுக் கயிறு கொண்டுவரணும். பழசு வீட்டோட நிக்கணும். அந்த வழக்கம் எமனுக்கும் உண்டாம். "கயிறு உனக்கு, குதிரை எனக்கு. ஆனா இதோட நோவெல்லாம் அந்தக் கயித்துல இறங்கிரும். கையில வாங்குறவங்கதான் தாங்கணும். தாங்குவியா தாயி?"ன்னாரு.

"நான் பெத்த பிள்ளையா இருந்தா தாங்க மாட்டேனா? குடுங்க சாமி"ன்னு மாடத்தி முடிச்சை அவுக்குறா.

அந்நேரம் பாத்து ஓடி வர்றான் கொம்பையா! யாரோ பெரிய மனுசன் தினம் வந்து உப்புக்காரி குதிரையைக் கேக்கிறான்னு ஊரே பேசுது, அதைக் கேட்டுட்டு, நல்ல விலை தேறும்னு மூச்சிரைக்க வர்றான். "ஏ உப்புக்காரி, அது என் குதிரைடி! பாரு, நான் பூட்டுன கயிறு!"

"உன் கயிறா?"ன்னாரு வெள்ளைத் தலைப்பா.

"ஆமா, என் கயிறு."

"உன் குதிரையா?"

"ஆமா, என் குதிரை."

"அப்போ குதிரையோடது எல்லாம் உன்னுதா?"

"எல்லாம் என்னுதுதான்யா!"

"ஐயா, வேண்டாம், தொடாதே"ன்னு மாடத்தி கத்துறா. கேட்டானா? முடிச்சு அவுந்த கயித்தை, அவ கையில வாங்குறதுக்கு முன்ன, கழுத்துலருந்து வெடுக்குன்னு பிடுங்கிட்டான். பிடுங்கினதும் ஒரு காலு நொண்டிருச்சு, முதுகுல பளீர் பளீர்னு தழும்பு எழும்புச்சு, வாயில இருந்த பல்லெல்லாம் பொலபொலன்னு கொட்டிருச்சு. கயித்தை உதறுறான், உதறுறான், கையை விட்டுப் போனாத்தானே! நொண்டிக்கிட்டே ஊரு போய்ச் சேந்தான். லாயத்துல கொள்ளு மூட்டை மூட்டையா இருக்கு, மெல்லத்தான் பல்லு இல்ல.

மேகம் எந்திரிச்சு நின்னுச்சு. கன்னுக்குட்டி மாதிரி ஒரு துள்ளு துள்ளுச்சு. மாடத்தி அதோட மூஞ்சியைப் பிடிச்சு முத்தம் குடுத்து, "போயிட்டு வாடா"ன்னு சொல்ல வந்தவ, "வா"வை முழுங்கிட்டு, "பாத்துப் போடா"ன்னா. அது அவரு கூடப் பனிக்குள்ள போச்சு. முதல்ல காலு மறைஞ்சுச்சு, அப்புறம் முதுகு மறைஞ்சுச்சு, கடைசியா அவளைத் திரும்பிப் பாத்த மூஞ்சியும் மறைஞ்சுச்சு.

மேகத்தோட நோவையெல்லாம் கொம்பையா கொண்டுபோயிட்டான். மாடத்தியோட நோவு அவகிட்டதான் இருந்துச்சு. மறுநாளும் உப்புக் கூடையோட கிளம்பினா. பாதையில பாதியை விட்டு ஓரமாவே நடந்தா. "யாருக்குடி இடம் விடுற?"ன்னு கேட்டதும் அழுதுட்டா.

வாயில்லாச் சீவனை அடிச்சவன் அந்த அடியை வாங்காமப் போகமாட்டான், அவ்வளவுதான். கதை பனிக்குள்ள போயிருச்சு, நீங்க போர்வைக்குள்ள போங்க.