பூவரசம் பீப்பீயும் பொன்பூண் குழலும்

உட்காருங்கள். பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் முன்னால் வாருங்கள், இந்தக் கதை உங்களுக்குத்தான். பிள்ளைகள் பின்னால் இருந்து கேட்டால் போதும். பிள்ளைகளே, நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை, நிழலாகப் பார்த்து உட்காருங்கள்.

ஆறுகளுக்கு இன்னும் பெயர் வைக்காத காலத்தில், தென்கரை என்றொரு சின்ன நாடு இருந்தது. அதை ஆண்டவன் பெயர் செம்பியராயன். படை உண்டு, பத்தாயம் நிறைய நெல் உண்டு, பட்டத்து யானை உண்டு. இவ்வளவோடு அவனுக்கு ஒரு சகலையும் உண்டு. வந்த வினையெல்லாம் அங்கிருந்துதான் வந்தது.

சகலை ஆற்றுக்கு அந்தப் பக்கம் வடகரையை ஆண்டான். இவன் ஒரு மாடம் கட்டினால் அவன் இரண்டு கட்டுவான். இவன் யானைக்கு வெள்ளிச் சலங்கை போட்டால் அவன் தங்கத்தில் போடுவான். ஒரு பங்குனித் திருவிழாவில் சகலையின் மகன் சபை நடுவே உட்கார்ந்து புல்லாங்குழல் ஊதினான். வளர்ந்த பையன், அழகாகத்தான் ஊதினான். சபை ‘ஆகா’ என்றது. செம்பியராயனும் வாய் நிறைய ‘ஆகா’ என்றான், ஆனால் வயிறு எரிந்தது.

அரண்மனைக்குத் திரும்பியவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அடுத்த பங்குனிக்கு நம்ம நல்லினி ஊதணும்” என்றான்.

நல்லினி அவனுடைய ஒரே மகள். அரசி கோதை அவளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். சீப்பு பாதியில் நின்றது.

“அவளுக்கு அஞ்சு வயசு. அடுத்த பங்குனிக்குள்ள முன்பல்லு விழுந்துடும்.”

“பல்லுக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?”

கேட்டீர்களா கேள்வியை? குழல் ஊத வேண்டுமானால் உதடு குவிய வேண்டும், அந்த உதட்டுக்குப் பின்னால் பல் நிற்க வேண்டும். பல் விழுந்த பிள்ளை சூடான பாலை ஊதிக் குடிக்கப் படும் பாட்டைப் பார்த்த எந்தத் தாய்க்கும் இது தெரியும். நாடாள்கிறவனுக்குத் தெரியவில்லை.

இத்தனைக்கும் நல்லினி ஊதத் தெரியாத பிள்ளை இல்லை. அரண்மனை முற்றத்தில் ஒரு பூவரச மரம் நின்றது. அதன் இலையைப் பறித்துச் சுருட்டி, நுனியை நசுக்கி, வாயில் வைத்தாள் என்றால் ‘பீ’ என்று ஊரைக் கூட்டுவாள். தளிர் இலைக்கு மெல்லிய சத்தம், முற்றின இலைக்குத் தடித்த சத்தம், எல்லாம் அவளுக்கு அத்துபடி. கோதை உள்ளே இருந்தபடியே கேட்பாள். இழுத்து இழுத்து ஊதினால் தூக்கம். விட்டு விட்டு ஊதினால் பசி. துள்ளித் துள்ளி ஊதினால் யாரையோ வம்புக்கு இழுக்கிறாள். மகள் எங்கே என்று தேடவேண்டிய தேவையே அந்தத் தாய்க்கு இருந்ததில்லை.

விஜயதசமி வந்தது. விளக்கேற்றி, வெற்றிலை பாக்கு பழம் வைத்து, அரண்மனைக் குழல் வித்துவான் கூடலிங்கனாரை அழைத்தார்கள். அவர் பிள்ளையின் கைக்கு ஏற்றபடி ஒரு சின்னக் குழலைக் கொண்டு வந்திருந்தார். செம்பியராயன் அதைப் பார்த்து முகம் சுளித்தான். கருவூலத்திலிருந்து தன் பாட்டன் ஊதின நீளக் குழலை எடுத்துவரச் சொன்னான். அதற்குப் பொன்னால் பூண் போட்டிருந்தது.

“சின்னக் குழலு ஆடு மேய்க்கிற பிள்ளைக்கு. ராசா மகளுக்கு ராசா குழலு.”

“அப்படியே ஆகட்டும், மகாராசா” என்றார் கூடலிங்கனார்.

குழல் பிள்ளையின் கையைவிட நீளம். ஒரு துளையை மூடினால் மறு துளை திறந்துகொண்டது. செம்பியராயன் தானே குனிந்து அந்தப் பிஞ்சு விரல்களைப் பிடித்து இழுத்து இழுத்துத் துளைமேல் வைத்தான். நல்லினி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். நல்ல நாளும் அதுவுமாய் ஏன் சண்டை என்று கோதை தன் கோபத்தை விழுங்கினாள். சூட்டோடு விழுங்கின கொழுக்கட்டை மாதிரி அது நெஞ்சிலேயே நின்றது.

பாடம் தொடங்கிற்று. தினமும் அரசன் எதிரே வந்து உட்கார்ந்துகொள்வான். பிள்ளை ஊதுவாள், ‘புஸ்’ என்று காற்று வரும்.

“பலமா ஊது!” என்பான்.

பலமாக ஊதினால் குழல் பேசாது. அது முரசா, ஓங்கி அடித்தால் ஓங்கி ஒலிக்க? கூடலிங்கனாருக்கு அது தெரியும். ‘மெதுவாக ஊது கண்ணே’ என்று சொல்ல ஒரு வாய் போதும். அந்த வாய் என்ன சொல்லிற்று தெரியுமா? “அப்படியே ஆகட்டும், மகாராசா.” என்ன வித்துவான் இவர்? எனக்கு அரசன்மேல் இருக்கிற கோபத்தில் பாதி இவர்மேல் உண்டு.

நல்லினி பலமாக ஊதினாள். இன்னும் பலமாக ஊதினாள். கண் இருட்டிப் பாயில் சாய்ந்தாள். கோதை ஓடிவந்து மடியில் அள்ளிக்கொண்டாள்.

“தலை சுத்துதும்மா” என்றாள் பிள்ளை.

“பழக்கம் போதலை. நாளையிலேருந்து ரெண்டு வேளையும் பாடம்” என்றான் அப்பன்.

கோதை இரண்டாவது கோபத்தையும் விழுங்கினாள். புருஷன், அதிலும் அரசன், நாலு பேர் எதிரில் என்ன சொல்வது என்று நினைத்தாள். நான் சொல்கிறேன், அங்கேயே சொல்லியிருக்க வேண்டும்.

தை மாதம் பல் விழுந்தது. நல்லினி அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் காட்டிச் சிரித்தாள். வெகுநாள் கழித்துச் சிரித்த சிரிப்பு அது. அதே சந்தோஷத்தில் முற்றத்துக்கு ஓடி ஓர் இலையைப் பறித்துச் சுருட்டி ஊதினாள். குழலுக்குத்தான் பல் வேண்டும், இலைக்கு உதடு போதும். ‘பீ’ என்று துள்ளிக்கொண்டு வந்தது சத்தம்.

மாடத்தில் நின்ற செம்பியராயன் கேட்டான். பிள்ளைக்கு ஊத வருகிறதே என்று அவன் மகிழவேண்டும் அல்லவா? மனிதனாக இருந்தால் மகிழ்ந்திருப்பான்.

“இந்த மரந்தான் அவளைக் கெடுக்குது. இருக்கிற மூச்சையெல்லாம் இதுல ஊதித் தீர்த்துட்டு அங்க வந்து முழிக்கிறா. என்ன வித்துவானே?”

கூடலிங்கனார் மூன்றாவது தடவையும் அதையே சொன்னார்.

மரத்தை வெட்டினார்கள். பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றாள். கிளைகள் வீணாகக்கூடாதாம், அதே முற்றத்தில் பங்குனித் திருவிழாப் பந்தலுக்குக் கால் நட்டார்கள். கோதை மூன்றாவது கோபத்தையும் விழுங்கினாள்.

அன்றிலிருந்து நல்லினி அழவில்லை, கத்தவில்லை, வம்புக்கும் போகவில்லை. சொன்ன நேரத்தில் வந்து உட்கார்ந்தாள். சொன்னபடி ஊதினாள். காற்று வந்தது. மற்ற நேரத்தில் அவள் எங்கே இருக்கிறாள் என்றே தெரியவில்லை. கோதை ஒவ்வோர் அறையாகத் தேடுவாள். எங்காவது ஒரு தூணுக்குப் பின்னால் சும்மா உட்கார்ந்திருப்பாள். “பிள்ளைக்கு அடக்கம் வந்துடுச்சு” என்று அரசன் பெருமைப்பட்டான். அடக்கமாம் அடக்கம்!

பங்குனி வந்தது. பந்தல் நிறையக் கூட்டம். முன்வரிசையில் சகலையும், கோதையின் அக்காளும், குழல் ஊதின அந்தப் பையனும் இருந்தார்கள். நல்லினிக்குப் பட்டுப் பாவாடை கட்டி, நெற்றிச்சுட்டி வைத்து, மேடையில் உட்கார வைத்தார்கள். நீளக் குழல் அவள் மடியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் ஒரு தடவை ஊதினாள். காற்று. இரண்டாம் தடவை ஊதினாள். காற்று. மூன்றாம் தடவை ஊதியபோது கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சகலை குனிந்து மீசையைத் தடவிக்கொண்டான்.

“பலமா ஊதுடீ!” என்று எழுந்த செம்பியராயன் கையை ஓங்கினான்.

ஓங்கின கைக்கும் பிள்ளைக்கும் நடுவில் கோதை வந்து நின்றாள். விழுங்கின மூன்று கோபமும் ஒன்றாக மேலே வந்தது. பிள்ளை மடியிலிருந்த குழலை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“நீங்க ஊதுங்க.”

“என்ன பேச்சு இது? சபையில...”

“சபையிலதான். என் பிள்ளையை இங்கதானே உட்கார வச்சீங்க? நீங்களும் இங்கயே ஊதுங்க. ஒரு சத்தம் வந்தா நானே அவளை இழுத்துட்டு வந்து பாடத்துல உட்கார வைக்கிறேன். வரலைன்னா, அவளா கேட்கிற வரைக்கும் இந்தக் குழல் பெட்டிக்குள்ள கிடக்கணும். சம்மதமா?”

சகலை பார்த்துக்கொண்டிருக்கிறான். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? செம்பியராயன் குழலை வாங்கி ஊதினான். ‘புஸ்’ என்றது. பலமாக ஊதினான். முகம் சிவந்தது, கன்னம் உப்பிற்று, மறுபடியும் ‘புஸ்’. மூன்றாம் தடவை நெஞ்சிலிருந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து ஊதினான். கிரீடம் சரிந்தது. கண் இருட்டி, பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான்.

பந்தல் முழுதும் சிரித்தது. கோதை சிரிக்கவில்லை. “இன்னும் பலமா ஊதுங்க! ஏன் உட்கார்ந்துட்டீங்க? எழுந்திருங்க, ஊதுங்க!” என்று கத்தினாள். அவள் கையும் தன்னை அறியாமல் ஓங்கி இருந்தது.

நல்லினி ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பாவைத் திட்டாதீங்கம்மா. அவருக்குத் தலை சுத்தும். எனக்குத் தெரியும்.”

சிரித்த பந்தல் கப்சிப் என்று ஆனது. செம்பியராயன் மகளை நிமிர்ந்து பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தான்.

பூவரசு வெட்டினாலும் சாகாத மரம். கிளையை வெட்டி ஊன்றினாலே பிழைத்துக்கொள்ளும். பந்தல் தரைக்குத் தினமும் தண்ணீர் தெளித்ததில், அரசன் பிடித்துக்கொண்டிருந்த அந்தக் காலே துளிர்த்திருந்தது. நல்லினி எட்டி ஓர் இலையைப் பறித்தாள். சுருட்டினாள், நுனியை நசுக்கினாள். அப்பன் வாயில் வைத்தாள்.

“இதுல ஊதுங்கப்பா. இது வரும். மெதுவா.”

அவன் மெதுவாக ஊதினான். ‘பீ’ என்றது. ஊதிக்கொண்டே அழுதான்.

சபை கலைந்ததும் கோதை பொன்பூண் குழலைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். சாவியை நல்லினியிடம் கொடுத்தாள். அரசனிடம் ஒன்றும் கொடுக்கவில்லை, ஒரு வார்த்தைகூட. பந்தலைப் பிரிக்க வந்தவர்களிடம் அவன், “அந்தக் காலுங்களை மட்டும் பிடுங்காதீங்க” என்று சொல்லி, தன் கையால் தண்ணீர் ஊற்றினான். அதைப் பார்த்தும் அவள் பேசவில்லை. பாவம் என்கிறீர்களா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். பிள்ளையோ அன்றைக்கும் ஊதவில்லை, மறுநாளும் ஊதவில்லை, சித்திரை போய் வைகாசி போய் ஆனியும் போயிற்று.

ஆடியில் ஒரு காலை, கோதை அடுக்களையில் நின்றிருந்தாள். வெளியே ‘பீ’ என்று கேட்டது. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அசையாமல் கேட்டாள். பசி இல்லை. தூக்கம் இல்லை. யாரையோ வம்புக்கு இழுக்கிறாள். கோதை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் புருஷனைப் பார்த்து, “சாப்பிட வாங்க” என்றாள்.

அவ்வளவுதான் கதை.

என்ன? யார் அது, முன்வரிசையில்? ‘நல்லினி அப்புறம் குழல் கற்றுப் பெரிய வித்துவான் ஆனாளா’ என்று கேட்டது நீர்தானே? இவ்வளவு நேரம் தொண்டை வறளச் சொன்னேன், கடைசியில் இதைத்தான் கேட்கத் தோன்றிற்றா? சாவி அவளிடம் இருந்தது. திறந்தாளோ திறக்கவில்லையோ, அது அவள் பாடு. எழுந்து வீட்டுக்குப் போங்கள். போய், உங்கள் பிள்ளை சத்தம் போடுகிறதா என்று முதலில் கேளுங்கள்.

நீதி இதுதான்: பிள்ளையின் மூச்சு பிள்ளைக்கே சொந்தம், பெற்றவரின் வீம்புக்காக அதை ஊத வைத்தால் பாட்டும் வராது, இருந்த சிரிப்பும் போய்விடும்.