‘நில்’ என்றால் நின்ற எலிகள்

வாய்க்கால் கரையில் நாற்பது எலிகள் வளை தோண்டி வாழ்ந்தன. பக்கத்து வயலில் நெல் முற்றியிருந்தது. எலிகள் கதிரை வெட்டின, இழுத்தன, கொறித்தன. கொறித்த இடத்திலேயே சக்கையைப் போட்டன.

அவரவர் சக்கையை அவரவரே வெளியே தள்ள வேண்டும் என்றுதான் முதலில் இருந்தது. அது சரிப்படவில்லை. பாதி எலிகள் மறந்தன. மீதி எலிகள் அவசரப்பட்டன. ஒரு நாள் ஓர் எலி, இன்னொன்று தின்றுகொண்டிருந்த கதிரையே சக்கை என்று நினைத்து வெளியே வீசிவிட்டது. அந்தச் சண்டையில் இரண்டு வால்கள் போயின.

அதற்குப் பிறகு உருட்டி என்ற சாணிவண்டைக் கூப்பிட்டன.

“அள்ளுறேன். குப்பைதான் எனக்குச் சாப்பாடு” என்றது உருட்டி. “ஆனா நான் ‘நில்!’னு கத்தினா எல்லாரும் அப்படியே நிக்கணும். எது யார் பிடியிலயாவது இருக்கோ, அது வேணும்னு அர்த்தம். ஒண்ணோட ஒண்ணு பின்னின கதிரா இருந்தா நுனியை ஒருத்தர் பிடிச்சாப் போதும். யாரும் பிடிக்காதது குப்பை. குட்டிங்க பக்கம் வரமாட்டேன். நடுவுல எவனாவது அசைஞ்சா எனக்குக் குழம்பிடும். மறுபடி முதல்லேர்ந்துதான்!”

எலிகள் ஒப்புக்கொண்டன. வளை சுத்தமானது. சண்டை ஓய்ந்தது. நாளைக்கு ஆறு தடவை ‘நில்!’ வரும். ஐம்பது எண்ணுவதற்குள் ‘போ!’ வந்துவிடும்.

அந்த ஐம்பதைக்கூடத் தலைவன் தடியனால் பொறுக்க முடியவில்லை.

“கதிரை வாயில வெச்சுக்கிட்டு ஆறு தடவை பொம்மை மாதிரி நிக்கணுமா? வளையை மூணு மடங்கு பெருசாக்கு! இடம் நிறைய இருந்தா குப்பை ரொம்ப நாள் கிடக்கும். பத்து நாளைக்கு ஒரு தடவை அள்ளினாப் போதும்!”

சாம்பி என்ற எலி குறுக்கே வந்தது. அதற்கு அப்போதுதான் ஐந்து குட்டிகள் பிறந்திருந்தன.

“அண்ணே, பத்து நாள் கழிச்சு அள்ளும்போது எவ்வளவு நேரம் நிக்கணும்? அதை யாராச்சும் கேட்டீங்களா?”

“வந்துட்டா பாரு, கணக்கு டீச்சர்!” என்றது தடியன். எல்லா எலிகளும் சிரித்தன.

சாம்பியே உருட்டியிடம் கேட்டது.

“ரொம்ப நேரம் ஆகும் அக்கா” என்றது உருட்டி. “பின்னி வெச்ச கதிரை ஒவ்வொண்ணா தொட்டுப் பார்க்கணும். கதிர் ஏற ஏற நேரமும் ஏறும். வேணும்னா ஒண்ணு செய்யலாம். நீங்க வேலை பாக்கும்போதே நான் கொஞ்சம் கொஞ்சமா அள்ளுறேன். ஆனா உங்க காலுக்குள்ளயே சுத்துவேன். எல்லாரும் கொஞ்சம் மெதுவாத்தான் போகணும். அஞ்சு கதிர் வர்ற இடத்துல நாலுதான் வரும்.”

“நாலா?” என்று கத்தியது தடியன். “போடா! பக்கத்து வளைக்காரன் காறித் துப்புவான். தோண்டுங்கடா!”

தோண்டின. கரையின் பாதியை வளையே தின்றுவிட்டது. மேல் அறைகள் எல்லாம் கதிருக்குப் போயின. குட்டிகளைக் கீழறைக்கு மாற்றச் சொன்னது தடியன். சாம்பியும் மாற்றியது. வேறு இடம் கொடுக்கவில்லை.

ஒன்பது நாள் நன்றாகத்தான் போனது. உண்மையைச் சொல்ல வேண்டும். கதிர் இரண்டு மடங்கு வந்தது. பக்கத்து வளை எலிகள் வந்து வாயைப் பிளந்து பார்த்துவிட்டுப் போயின. தடியன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தது.

பத்தாம் நாள் காலையில் குப்பை கூரையைத் தொட்டது.

“நில்!” என்றது உருட்டி.

நாற்பது எலிகளும் நின்றன. சாம்பி மேல் வாசலில், ஒரு கதிர்ப்பின்னலின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஐம்பது எண்ணும் நேரம் போனது. ஐந்நூறு போனது. உருட்டி இன்னும் முதல் அறையைக்கூடத் தாண்டவில்லை.

வெயில் நன்றாக ஏறிய பிறகு வெளியே ஒரு கொக்கு கத்தியது. “ஏய் எலிங்களா! மேல மதகைத் திறந்துட்டாங்க! வாய்க்கால்ல தண்ணி வருது! ஓடுங்க!”

“குட்டிங்க கீழ இருக்கு!” என்று சாம்பி திரும்பியது.

“அசையாதே!” என்றது தடியன். “இவ்வளவு நேரம் நின்னதெல்லாம் வீணாப் போயிடும்! உருட்டி, இன்னும் எவ்வளவு?”

“கால்வாசி முடிஞ்சுது.”

“கேட்டியா? கால்வாசி முடிஞ்சுது. முடியட்டும், அப்புறம் எல்லாரும் சேர்ந்தே ஓடலாம்.”

சாம்பி கதிரை விட்டது. இரண்டு எலிகள் அதன் வாலைக் கடித்துப் பிடித்தன. “எங்களையும் முதல்லேர்ந்து நிக்க வைக்காதே அக்கா! பொறுத்துக்க!” அவை கெட்ட எலிகள் இல்லை. காலையிலிருந்து கால் மரத்துப் போயிருந்தன, அவ்வளவுதான்.

சாம்பி அவற்றை உதறித் தள்ளிவிட்டுக் கீழே ஓடியது. அதற்குள் தண்ணீர் கீழறைக்கு வந்துவிட்டது. உள்ளே பொந்தாக இருந்த கரை எவ்வளவு நேரம் தாங்கும்? ஈரமண் பிளந்து விழுந்தது. சாம்பி கையில் தட்டுப்பட்ட ஒரு குட்டியைக் கவ்வியது. மற்ற நான்கையும் இருட்டில், தண்ணீருக்குள் தேடியது. மூச்சு முட்டும்வரை தேடியது. கிடைக்கவில்லை.

கவ்விய குட்டியோடு சாம்பி வெளியே வந்ததும் கூரை மொத்தமாக இறங்கியது. உருட்டி உள்ளேயே புதைந்தது. தடியனும் புதைந்தது.

மத்தியானம் தண்ணீர் வடிந்தது. கொக்கு கரையோரம் நடந்து பார்த்தது. சேற்றில் எலிகள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றும் கதிரைப் பிடித்த பிடியை விடவில்லை. வரப்பின் மேல் சாம்பி ஒற்றைக் குட்டியை நக்கிக்கொண்டிருந்தது. அந்தக் குட்டியும் அசையவில்லை.

எலி வளையானாலும், வேண்டாத தரவு குப்பையாகச் சேரும் கணினி சர்வரின் நினைவகமானாலும், குப்பை அள்ளும் வேலையை இன்னொருவரிடம் விட்டுவிட்டு இடத்தை மட்டும் பெருக்கிக்கொண்டே போனால், அள்ளும் நேரம் குறையாது, அது சேர்ந்து சேர்ந்து நீ ஓடியே ஆகவேண்டிய நேரத்தில் உன்னை நிறுத்திவிடும்.